துப்பில்லாதவன் என்று சொன்ன காலை

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நடந்தது இது.

நான் ராயபுரத்தில் பிறந்து நெட்டுக்குப்பத்துக்கு வாக்கப்பட்டவள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். மீன் விற்பவளுக்கு வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. எங்கள் பக்கம் 'துப்பில்லாதவன்' என்ற சொல்லை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுவோம். பாட்டில் மூடியைத் திறக்க வராதவன் துப்பில்லாதவன். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு முந்தத் தெரியாதவள் துப்பில்லாதவள். கணக்கில் ஃபெயிலான பிள்ளைக்கும் அதே பட்டம்தான். திறமை இல்லாதவர் என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆனால் நாலு பேர் நடுவில் பெண்டாட்டி தன் புருஷனைப் பார்த்துச் சொன்னால், அது நேராகப் போய்க் குத்தும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அந்த வாரம் முகத்துவாரம் மோசமாக இருந்தது. ஆறு கடலில் சேரும் அந்த இடத்தின் வழியாகத்தான் எங்கள் படகுகள் போய் வரவேண்டும். மணலும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்து தூர்ந்துபோய் ஆழம் இல்லை. மழைக்காலத்தில் அலை அங்கே வந்துதான் எழும்பி உடையும். படகில் ஒருவர் இன்ஜினைப் பிடிப்பார், இன்னொருவர் முன்னால் நின்று அலையைப் பார்த்து, 'இப்போ' என்று குரல் கொடுப்பார். இரண்டு அலைக்கு நடுவில் நுழைந்துவிட வேண்டும். கொஞ்சம் பிசகினால் படகு குப்புறக் கவிழ்ந்துவிடும்.

என் வீட்டுக்காரரின் படகில் அப்படி முன்னால் நிற்பவர் அவருடைய தம்பி. தம்பிக்குக் காய்ச்சல். அதனால் இவர் மூன்று நாளாகக் கரையிலேயே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரோ மூன்று நாளும் ஆட்களோடு போய்க் கூடை கூடையாகச் சங்கரா கொண்டுவந்தார். அந்த மீனைத்தான் நான் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனேன். சொந்தப் படகு சும்மா கிடக்க, அடுத்தவர் மீனைச் சுமப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் விடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அன்னக்கூடையோடு படகுகளுக்காகக் காத்திருந்தோம். சற்றுத் தள்ளி இவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி என்னைப் பார்த்து, "உன் வூட்டுக்காருக்கு இன்னிக்கும் லீவா?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

"ஊர்ல கீற ஆம்பளைங்கோ எல்லாம் கடலுக்குப் போய் வந்துகினு கீறாங்கோ. எங்கப்பன் எனக்குன்னு தேடிப் புடிச்சு ஒரு துப்பில்லாதத கட்டி வெச்சிட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. வலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். எண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தார். நான் சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இன்ஜின் சத்தம் கேட்டபோதுதான் ஓடினேன். "யோவ், தனியா போவாத! நில்லுய்யா!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முகத்துவாரத்தின் கல்கரையில் ஏறி நின்றேன். நீலப் படகு ஓர் அலையில் மூக்கைத் தூக்கி நின்றது, பிறகு மறைந்தது. மறுபடி தெரிந்தபோது அந்தப் பக்கம், கடலில் இருந்தது. போகும்போது தப்பித்துவிட்டார். ஆனால் வரும்போது அலை முதுகுப் பக்கமிருந்து துரத்தும். முன்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது.

வீட்டுக்கு ஓடிவந்து போன் போட்டேன். டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவருடைய போன் அடித்தது.

பத்து மணிக்குக் காற்று ஏறியது. திரும்பி வந்த ஒவ்வொரு படகிலும் ஓடிப்போய்க் கேட்டேன். யாரும் அவரைப் பார்க்கவில்லை. காலையில் சிரித்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் காதில் கடைசியாக விழுந்தது என் வார்த்தைதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலோடு எழுந்து வந்த அவருடைய தம்பி, "அண்ணன் ஒண்டியா ஏன் அண்ணி போச்சு?" என்று கேட்டார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதில் ஒரு நீலப் படகு முகத்துவாரத்தை நோக்கி வந்தது. "வந்துட்டாரு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் பின்னால் ஓர் அலை எழும்பிப் படகை அப்படியே பக்கவாட்டில் திருப்பியது. அடுத்த அலையில் படகின் அடிப்பாகம்தான் தெரிந்தது. நான் தண்ணீரில் இறங்கிவிட்டேனாம், இரண்டு பெண்கள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்களாம். எனக்கு ஞாபகம் இல்லை. நுரைக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. மூன்று, நான்கு. நான்கு பேர் என்றால் அது எங்கள் படகு இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடையது.

அந்த நொடியில் என் மனதில் வந்தது நிம்மதி. பக்கத்தில் அவர் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு கதறுகிறாள், எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, இன்றுதான் எழுதுகிறேன். நல்லவேளை, கயிறு வீசி நான்கு பேரையும் இழுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோள் எலும்பு முறிந்தது, இன்ஜின் கடலோடு போனது. நெட்டுக்குப்பத்தில் அவரைவிடக் கைதேர்ந்தவர் கிடையாது. அவருக்கே இந்தக் கதி என்றால், தனியாகப் போனவர் என்ன ஆவார்? எனக்கு வந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

மூன்று மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கெட்ட சேதிதான் என்று பயந்து எடுக்காமல் வைத்திருந்தேன். தம்பிதான் பிடுங்கிக் காதில் வைத்தார். சேதியைக் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டார். "அண்ணி, காசிமேட்டுல கீதாம்!"

எப்படிப் பஸ் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகின் விளிம்பில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். மேஸ்திரியைக் கண்ட வேலையாள் மாதிரி.

"முகத்துவாரத்துக்கு வெளியவே நின்னு மூணு தபா பார்த்தேன். ஒண்டியா உள்ள வர என்னால முடியாதுன்னு தெரிஞ்சிச்சு. அதான் கரையோரமா இப்டி வந்துட்டேன். உன் நம்பரு மட்டுந்தான் எனக்கு மனப்பாடம். மீனு ஒண்ணும் இல்லமே. கோவமா கீறியா?"

உயிரோடு திரும்பி வந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது அது. கூட்டத்தைப் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முடியாது என்று தெரிந்து படகைத் திருப்பினாரே, அது எவ்வளவு பெரிய துப்பு! என் ஒருத்தியின் நாக்குக்குப் பயந்து அவர் அந்த அலைக்குள் நுழைந்திருந்தால்?

அன்றைக்கு நான் சொன்னதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மார்க்கெட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் என் கை மீன் அறுப்பதை நிறுத்திவிடும். அவரிடம் ஒரே ஒரு மாற்றம்தான். கடல் சரியில்லாத காலைகளில் வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு முடியாதுமே" என்பார். அதைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு நொடிப் பார்வை அவரிடமிருந்து போகிறவரை, அன்று வீசிய சொல்லை நான் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.