பூஜையில் வைத்த இஸ்திரிப் பெட்டி

ஆயுத பூஜை என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. சுண்டல் ஞாபகம் அதற்கப்புறம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வருடா வருடம் பூஜையன்று அவருடைய ஸ்பேனர், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, பழைய பனியனால் துடைத்து மினுக்குவது என் பொறுப்பு. அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த இடுக்குல இன்னும் கிரீஸ் இருக்கு பாரு" என்று மேற்பார்வை செய்வார். அவருடைய சாமான்களை அவர் துடைத்து நான் பார்த்ததே இல்லை. துடைத்தவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி மேடைக்கு முன்னால் அடுக்குவோம். அண்ணனின் கணக்குப் புத்தகமும் அங்கே போய்விடும். மறுநாள் அப்பா வேலை முடிந்து வந்து கற்பூரம் காட்டும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. உழைத்த கருவிகளுக்கு ஒருநாள் ஓய்வு என்பார் அப்பா.

அந்த வருடம் பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பின்கட்டுக் குழாயடியில் பிரஷ் தேய்க்கும் சத்தம் நிற்கவே இல்லை. அம்மா அப்பாவின் காக்கி யூனிஃபார்மைப் பலகையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக் கறை லேசில் போகாது. சவுக்காரத்தைத் தடவி, ஊறவைத்து, மறுபடி தேய்த்து, கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுத் தர வேண்டும். வாரம் ஐந்து ஜோடி. அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனருக்கு ஓய்வு உண்டாம், பிரஷ்ஷுக்குக் கிடையாதாம். திறக்கவே திறக்காத அண்ணனின் கணக்குப் புத்தகத்துக்கு ஓய்வாம், தினம் சூடேறுகிற இஸ்திரிப் பெட்டிக்குக் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?

சாயங்காலம் அம்மா கடைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். துவைக்கும் பலகையைப் பாசி போகத் தேய்த்துக் கழுவினேன். பிரஷ்ஷில் சிக்கியிருந்த நூலையெல்லாம் ஊசியால் எடுத்தேன். இஸ்திரிப் பெட்டியின் அடியில் இருந்த கருகல், பற்பசை வைத்துத் தேய்த்ததும் போய்விட்டது. மூன்றுக்கும் பொட்டு வைத்து, ஸ்பேனர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் வைத்தேன். அப்பா தீபாராதனை காட்ட வந்தவர், பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். அவற்றுக்கும் சேர்த்தே காட்டினார்.

அம்மா கும்பிட்டுவிட்டுக் கண் திறந்தபோதுதான் பார்த்தாள்.

"யாரு உன்னை இதெல்லாம் வைக்கச் சொன்னா?"

நான் தயாராக வைத்திருந்த பிரசங்கத்தைச் செய்தேன். அப்பாவின் கைக்கு மட்டும்தான் ஓய்வா, உன் கைக்கு வேண்டாமா என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அப்பாவைப் பார்த்தாள்.

"அயனை மட்டும் எடுத்துக்கிறேங்க. காலையில அந்த வெள்ளைச் சட்டைய அயன் பண்ணணும்."

"சாமிகிட்ட வச்சத எடுக்கறதா?" என்றார் அப்பா. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. "புள்ள சொல்றதுல என்ன தப்பு? நாளைக்கு ஒருநாள் உன் கைக்கு ரெஸ்ட். எந்த வேலையும் வேணாம். எங்கயும் போகவும் வேணாம்."

நான் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். என் பேச்சை அவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை விடிந்ததும் அப்பா கசங்கிய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வேலைக்குப் போனார். சட்டையில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால் வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். சாமி பயம் மனிதனை எப்படி மாற்றிவிடுகிறது என்று வியந்தேன்.

எனக்கு மத்தியானப் பள்ளி. அதனால் பக்கத்து வீட்டு ஆன்டி வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அவர் பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோ சாமான் செய்யும் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன அக்கா, இன்னும் சட்டைய மாத்தலியா? இன்டர்வியூக்கு டைம் ஆச்சு. ஃபேக்டரி பஸ் நிக்காது லா."

"நான் வரல. நீ போ."

"எங்க வீட்டு அயன் இருக்கு அக்கா. அஞ்சு நிமிஷம்."

"வேணாம். அவரு சொல்லிட்டாரு. இன்னைக்குச் சாமி காரியம்." அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "புள்ளையும் ஆசையா வச்சிருக்கு."

ஆன்டி என்னை முறைத்துவிட்டு ஓடினார். இன்டர்வியூ என்பது தொலைக்காட்சியில் மந்திரிமார்கள் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதில் என்ன வேலை?

ஆன்டி போனபின் அம்மா, கொடியில் அப்பளம்போல் காய்ந்து கசங்கிக் கிடந்த அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள். மறுபடி தண்ணீரில் நனைத்து, பலகையும் பிரஷ்ஷும் இல்லாமல் வெறும் கையால் கசக்கத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஓய்வு வாங்கிக் கொடுத்தால் இந்த அம்மாவுக்கு உட்காரத் தெரிகிறதா?

"யாரு சட்டைம்மா அது?"

"ஆன்டியோடது. திருப்பிக் குடுக்கணும்."

கோபத்தோடே, கசங்கிய பினாஃபோர் சீருடையில் பள்ளிக்குப் போனேன். ஒழுங்கு பார்க்கும் பிரிஃபெக்ட் அக்கா என் பெயரை எழுதிக்கொண்டதைக்கூடப் பெருமையாகத் தாங்கிக்கொண்டேன். தியாகம் என்றால் அப்படித்தானே.

அம்மாவை வேலைக்கான இன்டர்வியூக்குக் கூப்பிட்ட ஃபேக்டரிக் கடிதம் ஒரு வாரமாகத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் கிடந்ததும், அப்பா அதற்குச் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்ததும், எனக்குக் கல்யாணமான பிறகு ஆன்டி சொல்லித்தான் தெரியும். விஜயதசமியன்று தொடங்குவது விளங்கும் என்று அம்மா நம்பினாளாம். மறுபடி அவளை யாரும் கூப்பிடவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை அந்தக் காக்கியைத் தேய்த்தாள். சொல்ல வாய் வராத 'வேண்டாம்' ஒன்றுக்கு ஒரு மனிதர் பத்து வயதுப் பிள்ளையின் வாயைக் கடன் வாங்குவாரா? நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

ஆனால் அன்று சாயங்காலம் எரியவில்லை. நான் பள்ளி விட்டு வந்ததும் அப்பா கற்பூரம் காட்டினார். எப்போதும் அண்ணனுக்குத்தான் முதல் சுண்டல். அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, முதல் பிடியை என் கையில் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தார். அம்மா பொட்டு வைத்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, காக்கிச் சட்டையை விரித்துக்கொண்டிருந்தாள். நியாயம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அது எதற்கான கூலி என்று தெரியாமல், இன்னொரு பிடியும் கேட்டு வாங்கித் தின்றேன்.