கையெழுத்துப் போடாத போர்வெல்

தண்ணீர் வந்த நாள்

போர்வெல் லாரியிலிருந்து முதலில் மாவாகப் பாறைத்தூள் பறந்தது. அடுத்து சேறு. அதற்கப்புறம் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஜவ்வாது மலையில் காவலூருக்கும் மேலே, ஜீப் போகிற பாதை முடியும் இடத்தில் நாற்பது வீடுள்ள ஊர் அது. சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு ஓடி வந்தார்கள். ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே நின்றார். யாரோ என் கையில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்தார்கள்.

நான் அப்போது கிராமக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருக்கும்போது மலைக்கு மாற்றலாகி வந்தவள். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் திட்டத்தில் என் பொறுப்பில் இருந்த ஊர்களில் கடைசியாகத் தண்ணீர் கண்ட ஊர் இதுதான்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் மட்டும் இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றாள். காசியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. சாமைக்காடும் பத்து ஆடும் வைத்து ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள்.

“மேடம், இத்த எப்போலேர்ந்து குடிக்கலாம்?”

“டெஸ்டுக்கு அனுப்பணும்மா. ரிப்போர்ட் வந்தப்புறம் டேங்க், குழாய் எல்லாம் இருக்குது.”

“எத்தினி நாள் ஆவும், அத்த சொல்லுங்க.”

“எல்லாம் சரியா நடந்தா ரெண்டு மாசம்.”

அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். “அப்ப சரியா இருக்கும். எம் பொண்ணு செல்விக்கு இது ஏழாவது மாசம். ஆலங்காயத்துல குடுத்துக்கீறேன். தலைப்பிரசவம் நம்ம வூட்லேர்ந்து பாக்கணும் இல்ல?”

பிறகுதான் முழு விவரமும் சொன்னாள். ஊருக்குத் தண்ணீர் கீழே ஓடைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வந்தது. இறங்கக் கால் மணி நேரம், குடத்தோடு ஏற அரை மணி நேரம். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைக்கப் போயிருக்கிறாள். மகள் வர மறுத்துவிட்டாளாம். “பிள்ள பெத்தவ குளிக்க, துணி தொவைக்க, எல்லாத்துக்கும் நீதான தலைல தூக்கிக்கினு ஏறுவ? நான் வந்து உன்ன சாவடிக்கணுமா?” என்று கேட்டாளாம். குழாய் வந்தால் வருகிறேன் என்று ஒரே பேச்சு.

“அவ வரமாட்டேன்னு சொல்லல மேடம். தண்ணி வந்தா வர்றேன்னுதான் சொன்னா” என்று காசியம்மாள் இரண்டு தடவை சொன்னாள்.

வரிசை

இப்போது துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அந்த வரிசையை எழுதிவிடுகிறேன். ஒரு ஊருக்குப் புதிதாகக் குடிநீர் கொடுப்பது என்றால் குழி தோண்டி மோட்டார் இறக்குவது அல்ல. முதலில் கிராம சபையில் தீர்மானம். பிறகு நில நீர் வல்லுநர் வந்து இரண்டு மூன்று பாயின்ட் குறித்துக் கொடுப்பார். அந்த இடங்களைச் சுற்றி நாம் நடந்து பார்த்துச் சுகாதாரச் சர்வே எடுக்க வேண்டும். கழிப்பறை, சாக்கடை, மாட்டுக் கொட்டகை, குப்பைக் குழி எதுவும் முப்பது மீட்டருக்குள் இருக்கக் கூடாது. அதற்கென்று ஒரு படிவம். வரிசையாகக் கேள்விகள், எதிரே ‘ஆம்’, ‘இல்லை’. அதன் பிறகே போர். போர் போட்டதும் மணிக்கணக்கில் பம்ப் ஓட்டி, எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று ஈல்டு பார்க்க வேண்டும். அப்புறம் சாம்பிள். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் கேன். கிருமிச் சோதனைக்குக் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் மட்டும் டேங்க், பைப் லைன், குளோரினேட்டர், மின் இணைப்பு, சோதனை ஓட்டம், கடைசிக் குழாயில் குளோரின் அளவு, ஊராட்சியிடம் ஒப்படைப்பு. இந்த நீர் ஆதாரம் குடிக்கத் தகுந்தது என்ற சான்றில் உதவிப் பொறியாளர்தான் முதல் கையெழுத்து.

நான் எல்லாவற்றையும் வரிசையாகத்தான் செய்தேன். ஒன்றைத் தவிர.

எழுபத்தெட்டு

ரிப்போர்ட் பன்னிரண்டாம் நாள் வந்தது. கிருமி இல்லை. ஃப்ளோரைடு அளவுக்குள். நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு எழுபத்தெட்டு மில்லிகிராம். நாற்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. தவறாக இருக்கும் என்று மறுபடி சாம்பிள் எடுத்து நானே லேபுக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது தடவையும் கிட்டத்தட்ட அதே எண்.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு செயற்பொறியாளர் அறைக்குப் போனேன். அதட்டிப் பேசாத மனிதர் அவர். கோப்பைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.

“ஏம்மா, நைட்ரேட் எங்கேர்ந்து வரும்?”

“சாணம், சிறுநீர், உரம் சார்.”

“உன் சர்வே படிவத்துல எல்லாக் கட்டத்துலயும் ‘இல்லை’ன்னு இருக்கு. முப்பது மீட்டர்ல ஒண்ணுமே இல்லாத இடத்துல எழுபத்தெட்டு எப்படி வந்துச்சு?”

சர்வே அன்றைக்கு மழை. பாதை முழுக்கச் சேறு. பாயின்ட் குறித்த கல் ஜீப்பிலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் புல்தரை, நாலு புளியமரம். மடியில் படிவத்தை வைத்து வரிசையாக ‘இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டேன். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அதை அவரிடம் சொன்னேன். அவர் கோப்பை மூடி வைத்தார்.

“திறப்பு விழாவுக்கு மேலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. குளோரின் போட்டு விட்டுடலாமான்னு என்னையே ரெண்டு பேர் கேட்டாச்சு. நீ இன்னா சொல்ற?”

“குளோரினுக்கு நைட்ரேட் போகாது சார். காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் ஏறும். பெரியவங்களுக்குப் பெருசாத் தெரியாது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணில பால் கலந்து குடுத்தா ரத்தத்துல பிராணவாயு ஏறாது. உடம்பு நீலம் பாரிக்கும். அந்த ஊர்ல ஒருத்தி மக பிரசவத்துக்கு இந்தத் தண்ணியைத்தான் நம்பிக்கிட்டு இருக்கா.”

“அப்ப கையெழுத்துப் போடாத. போர்வெல்லை மூடு. உன் படிவத்துக்கு விளக்கம் எழுதிக் குடு, நான் மேல அனுப்பிக்கிறேன்.”

எனக்கு மெமோ வந்தது. அது நியாயம்.

பட்டி இருந்த இடம்

மறுநாள் ஊருக்குப் போனேன். இம்முறை ஜீப்பை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். போர்வெல்லைச் சுற்றி வட்டமாக நடந்தபோது ஓரிடத்தில் புல் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. என்னைப் பார்த்துக் காசியம்மாள் வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

“ரிப்போர்ட் வந்துட்ச்சா மேடம்?”

நான் அந்தப் புல்லைக் காட்டினேன். “இங்க இன்னாம்மா இருந்துச்சு?”

“அதுவா? எங்க ஆட்டுப் பட்டி. எங்க மாமனாருக்கு முன்னாடியே கட்டுன பட்டி. ரெண்டு வருசம் ஆவுது, வூட்டாண்ட மாத்திட்டேன். ஏன்?”

காலடி வைத்து அளந்தேன். போர்வெல்லிலிருந்து பதினான்கு மீட்டர். மூன்று தலைமுறைச் சாணமும் மூத்திரமும் மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியாகக் கீழே போயிருக்கிறது.

பையிலிருந்து சோதனைப் பெட்டியை எடுத்தேன். ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர் பார்க்கக் கற்றுக்கொடுக்க நாங்கள் வைத்திருப்பது. ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் போர்வெல் தண்ணீர். இரண்டிலும் நைட்ரேட் இருந்தால் சிவக்கும் மருந்துப் பொடி போட்டுக் குலுக்கி அவள் கையில் கொடுத்தேன். ஊற்றுத் தண்ணீரில் லேசான ரோஜா நிறம்கூட ஏறவில்லை. மற்றது செம்பருத்தி போலச் சிவந்தது.

அவள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தைக்கு என்ன ஆகும் என்பது வரை. கடைசியாக, “அன்னைக்கு நான் இங்க நடந்து பாத்திருக்கணும். பாக்கலை. தப்பு என்னுதும்மா” என்றேன்.

“நீங்க கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே மேடம்” என்றாள். “மழைக்குச் சாக்கு போத்திக்கினு அந்தப் புளியமரத்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க எறங்குவீங்க, பேசலாம்னு. வண்டி திரும்பிப் போய்ட்ச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குழாய்களைக் கழுவித் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்ப ரெண்டு மாசத்துல வராதா?”

“வராதும்மா.”

“அவகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?” அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பாயின்ட்

வல்லுநர் குறித்த இரண்டாவது இடம் ஊருக்கு மேலே, காப்புக்காட்டுக்குள் இருந்தது. வன உரிமைச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. குடிநீர்க் குழாய் போன்ற பொதுத் தேவைக்கு ஒரு ஹெக்டேருக்குள் நிலம் கேட்கலாம். வெட்டும் மரங்களுக்கு வரம்பு உண்டு. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். நானே வரைபடம் போட்டேன். குழாய் போகிற வழியில் ஒரு மரம்கூட விழாதபடி மூன்று தடவை மாற்றினேன். கிராம சபையில் ஊராட்சித் தலைவர், “வந்த தண்ணிய மூடிட்டு காட்டுல போய்த் தேடச் சொல்றாங்க. தண்ணி வந்த அன்னைக்கு எங்க ஆடு மாடு அத்தத்தான் குடிச்சுது, ஒண்ணும் ஆவல” என்று சத்தம் போட்டார். பலர் தலையாட்டினார்கள். தீர்மானம் அன்றைக்கே விழுந்திருக்கும்.

காசியம்மாள் எழுந்தாள். “எம் பட்டி இருந்த எடம் அது. அந்தத் தண்ணிய எம் பேரப்பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன். உங்க வூட்டுப் பிள்ளைக்கு நீங்க குடுப்பீங்களா?” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். முதல் கைநாட்டும் அவளுடையது.

அனுமதிக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை வாரம் இரண்டு நாள் டிராக்டரில் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்தேன். பச்சைப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டுக்கு அது காணாது. செல்விக்கு ஆலங்காயத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் காசியம்மாள் ஆறு நாள் போய் இருந்தாள். சம்பந்தி வீட்டு ஒற்றை அறையில் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. மலையேறும் பேருந்துக்கு நிறுத்தத்தில் நின்றவளை நான் தற்செயலாகப் பார்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன்.

“பாப்பாவுக்குத் தண்ணி ஊத்துறதுக்கு அவ மாமியா கீறாங்க. நல்லா ஊத்துறாங்க” என்றாள். பிறகு ஊர் வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சோதனை ஓட்டம்

புதிய போர்வெல்லில் நைட்ரேட் ஒன்பது. சான்றில் கையெழுத்துப் போட்டேன். சுகாதாரச் சர்வேக்கு மட்டும் நான்கு தடவை நடந்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஊர்க்காரர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு.

சோதனை ஓட்டத்தன்று கடைசிக் குழாய் காசியம்மாள் வாசலில் இருந்தது. காற்று சீறி, செம்மண் கலங்கல் வந்து, பிறகு தெளிந்தது. குளோரின் சரியான அளவில் இருந்தது. ஊரில் மேளம் அடித்தார்கள். அவள் தண்ணீரைத் தொடாமல் முதலில் போனை எடுத்தாள்.

“செல்வி, தண்ணி வந்துட்ச்சு. எப்ப வர்ற?”

ஸ்பீக்கரில் மகள் குரல் கேட்டது. “வர்றேம்மா. அவரு ஓசூர்ல வேல மாத்திக்கினாரு. அடுத்த வாரம் அங்க போறோம். செட்டிலாயிட்டு பாப்பாவத் தூக்கிக்கினு வர்றேன்.”

“சரிம்மா. பாத்துப் போ” என்றாள் காசியம்மாள். போன் கட்டான பிறகும் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

ஓய்வு பெற்றபின்

எனக்குப் பின் வந்த இளம் பொறியாளர்கள் சில நேரம் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். விதிகளை அவர்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். நான் ஒன்றுதான் சொல்கிறேன்: படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. வண்டியை விட்டு இறங்குங்கள், சுற்றி நடங்கள், அங்கே நிற்கிறவரைக் கேளுங்கள். தண்ணீரைத் தாமதமாகவாவது கொடுத்துவிடலாம். அது யாருக்காகவோ, எந்த நாளுக்காகவோ வேண்டியிருந்ததே, அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க நம் துறையில் எந்த உத்தரவும் இல்லை.

காசியம்மாள் மாதம் ஒரு முறையாவது பேசுவாள். போன கோடையில் செல்வி குழந்தையோடு வந்து நாலு நாள் இருந்தாளாம். பாப்பா குழாயடியை விட்டு நகரவே இல்லையாம்.

“நீங்களும் வாங்க மேடம், ஒரு நாளு” என்றாள்.

எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும். அந்த வாசலில் அது ஓடுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றிருக்கிறது. “அடுத்த முறை செல்வி வர்றப்ப சொல்லுங்க, அன்னைக்கே கிளம்பி வர்றேன்” என்றேன்.

“எப்ப வருவான்னு அவளுக்கே தெரியல மேடம்” என்றாள். “நான் கேட்டுக்கினே கீறேன். சொன்னவொடனே உங்களுக்குத்தான் மொதல்ல போன் போடுவேன்.”

இன்னும் போன் வரவில்லை.