பேட்டர்ன் போடத் தெரிந்தவர்

என் மனைவிக்குக் கோபம் வரும் என்று சொன்னால் அது அரைகுறைத் தகவல். கோபம் எங்கும் போவதே இல்லை, அவளோடுதான் குடியிருக்கிறது. கடைத்தெருவில் அவளுக்குக் கடுகு என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, எண்ணெய் காயும் முன்பே வெடிப்பாள் என்பதால் வைத்திருக்கலாம். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னவர்தான் இதுவரை யாருமில்லை.

முன்பு ஒரு செல்போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, வருந்துகிறோம் என்று இனிமையாகச் சொல்கிற வேலை. குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் மேலாளர் கூப்பிட்டனுப்பிவிடுவார். அங்கே அடக்கி வைத்த கோபத்தைத்தான் இப்போது செலவு பண்ணுகிறேன் என்பாள். அந்த இருப்பு எப்போது தீரும் என்று ஒருமுறை வாயைக் கொடுத்துக் கேட்டேன். அன்றைக்கு முழுதும் என்னோடு பேசவில்லை. அதுவும் செலவில் சேர்த்திதான்.

எங்கள் கடை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முன்பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷனும். பின்னால், மேஜை விளக்குக்கு அடியில் அவளும் அவளுடைய செல்போன்களும். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் முனையைச் சுத்தம் செய்வது எல்லாம் எந்தக் கடையிலும் நடக்கும். கடுகிடம் ஆட்கள் தேடி வருவது பூட்லோடர் தகராறுக்கு. போனை ஆன் செய்தால் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். உள்ளே இருக்கும் மென்பொருள் கம்பெனி வைத்ததுதானா என்று பார்த்த பிறகே மற்றதை எழுப்பும். அதன் பூட்டைத் திறந்துவிட்டால் கம்பெனி வைத்ததைத் தூக்கிவிட்டு நமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். ஆனால் திறக்கிறபோது போனில் இருப்பதெல்லாம் துடைத்தெடுத்த மாதிரி அழிந்துபோகும். திரும்பப் பூட்டுகிறபோதும் அப்படியே.

இது தெரியாமல் வீடியோ பார்த்துக் கைவைப்பவர்கள் மேல்தான் அவளுக்கு முக்கால்வாசிக் கோபம். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளைச் செருகிவிட்டு, கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்று அழுபவர்கள். பாதியில் கேபிளைப் பிடுங்குபவர்கள். ஒரு வங்கிக்காரர், பூட்டுத் திறந்த போனில் அவருடைய வங்கியின் ஆப்பே திறக்கவில்லை என்பதற்காக, உள்ளே வேறு மென்பொருளை வைத்துக்கொண்டே பூட்டைப் போட்டுவிட்டார். போன் அதோடு எழவே இல்லை, செங்கல்லாகிவிட்டது. "உள்ள யாரு இருக்காங்கன்னு பார்க்காமலே பூட்டிட்டீங்க, இப்ப அவங்கள எழுப்ப மாட்டேங்குது, நான் என்ன பண்றது?" என்று அவரைப் பிடித்துக் கேட்ட கேள்வி எதிர்க்கடைக்குக் கேட்டது.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். போன் வாங்கிய பில்லை யாரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை. அதனால் போனை நீட்டுகிறவரை, திரையில் புள்ளிகளின் மேல் விரலை இழுத்துப் பேட்டர்ன் போட்டுத் திறக்கச் சொல்வாள். திறந்தால் போன் அவருடையது. முழித்தால் திருட்டுப் போன், நடையைக் கட்டலாம். இதில் ஓட்டை இருப்பது எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

போன வருஷம் மழைக்கு முன்பு ஒருவர் வந்தார். கடைக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றாத ஆள். குரல் மட்டும் பஞ்சு மாதிரி. இரண்டு கடையில் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள், நீங்கள்தான் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டேன் என்றார். கடுகை வேலை வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. பேட்டர்ன் போடச் சொன்னாள், ஒரே இழுப்பில் போட்டார். திரையில் இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூட்லோடரை எதற்குத் திறக்க வேண்டும் என்றதற்கு, பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது, லேசான மென்பொருள் ஏதாவது போட்டுப் பார்க்கலாமென்று என்றார். எல்லாம் அழிந்துபோகும் என்றாள். எடுத்து வைத்துவிட்டேன் என்றார்.

அந்தப் போன் லேசில் மசியவில்லை. கம்பெனியின் அனுமதி வருவதற்கே ஒரு வாரம் பிடித்தது. அனுமதி வந்த பிறகு அவர் மறுபடி கொண்டுவந்தார், கம்ப்யூட்டருக்குப் போன் தெரியவில்லை. டிரைவர் மென்பொருளை மாற்றினாள், கேபிளை மாற்றினாள், கடைசியில் புது போர்ட்டை விட்டுவிட்டுப் பழைய போர்ட்டில் செருகியதும் தெரிந்தது. பூட்டுத் திறந்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் எதிரிலேயே என்னைப் பார்த்து, "பாருங்க, பொண்டாட்டி படத்த முன்னாடி வச்சிருக்காரு. உங்க போன்ல என்ன இருக்கு? மலை" என்றாள். அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டார். நல்ல மனுஷன் என்று நானும் நினைத்தேன்.

இந்த வருஷம் ஒரு மதியம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் வந்தாள். மெலிந்த பெண், பேசுகிறபோது வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். மருந்துக்கடையில் வருகைப்பதிவுக்குப் புதிதாக ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள், இந்தப் போன் பாதுகாப்பில்லை என்று சொல்லி அது திறக்கவே மாட்டேன் என்கிறது, நாளைக்குள் சரியாகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்றாள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எச்சரிக்கை வருகிறதாம். பழைய போன் என்றால் அப்படித்தான் வரும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

கடுகு போனை வாங்கினாள். பேட்டர்ன் போடச் சொன்னாள். அந்தப் பெண் போட்டாள், போன வருஷம் ஹெல்மெட்காரர் போட்ட அதே இழுப்பு. என் மனைவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன், காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. கேபிளைச் செருகிக் கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டினாள். சந்தேகம் வராத ஏதோ ஒரு பெயரில் ஒரு புரோகிராம், போனின் அடிமட்டத்திலேயே உட்கார்ந்திருந்தது. மைக், மெசேஜ், இருக்குமிடம், எல்லாவற்றுக்கும் அதற்கு உரிமை இருந்தது. வாய் திறக்காமல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, என் போனில் அந்தத் திரையைப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு அந்தப் போனை அணைத்து, பூட்லோடர் மட்டும் விழித்திருக்கிற நிலைக்குக் கொண்டுபோனாள். அந்த நிலையில் போனுக்குக் காது கிடையாது. அதன் பிறகுதான் பேசினாள்.

திடீரென்று ஒருநாள் போனில் இருந்ததெல்லாம் காணாமல் போனதா என்று கேட்டாள். ஆமாம் அக்கா, போன வருஷம் மழைக்கு முன்பு, அப்டேட் பண்ணுகிறபோது அழிந்துவிட்டது, வீட்டுக்காரரே பொறுமையாக உட்கார்ந்து எல்லா நம்பரையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார் என்றாள். அவர் கடைக்குள் வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாரா என்று கடுகு கேட்டாள். அந்தப் பெண் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கடுகு மென்று முழுங்கவில்லை. உன் போனைத் திறந்து அவர் கையில் கொடுத்தது நான்தான் என்றாள். அவருடைய போன் என்று நம்பிக் கொடுத்தேன். உள்ளே இதை அவர் வைத்திருக்கிறார், நீ பேசுவதைக் கேட்கிறார், போகிற இடத்தைப் பார்க்கிறார். சொல்லி முடித்துவிட்டு மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள், ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்து எல்லாம் தரையில் உருண்டது. யாரும் குனிந்து பொறுக்கவில்லை.

அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அப்ப எங்கக்கா சொல்லல" என்றாள்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். அம்மா போன பிறகு அவளுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். மனதில் இருப்பதை அக்காவிடம் மட்டும்தான் போனில் சொல்வாள். சொன்னது மறுநாளே வீட்டுக்காரர் வாயில் வரும், வார்த்தை மாறாமல். யார் சொன்னது என்றால் சிரிப்பார். வேறு யார் சொல்லியிருக்க முடியும் என்று அக்காவைப் பிடித்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். என் குடும்பத்தைக் கெடுக்கப் பார்க்கிறாய் என்றாளாம். அக்கா சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. அன்றைக்கு அறுத்துக்கொண்ட பேச்சு, இன்னும் ஒட்டவில்லை. போன் அழிந்த பிறகு அக்கா மறுபடி அனுப்பி, திரையில் வைத்திருந்த அந்த ஜோடிப் படத்தையும் அப்போதே எடுத்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவன் பெண்டாட்டியை அடித்தால் அக்கம்பக்கம் தடுக்க வரும். இவன் கையை ஓங்காமல், குரலை உயர்த்தாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்கு இருந்த ஒரே துணையை வெட்டிவிட்டிருக்கிறான். நல்ல மனுஷன் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். ஹெல்மெட்டோடு. இங்கே வருவதாக அந்தப் பெண் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போன் எந்த இடத்தில் அணைந்ததோ அந்த இடத்துக்கு வந்து நின்றார். "என்னம்மா, போன் ரிப்பேரா? என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றார். அதே பஞ்சுக் குரல். கடுகிடம், கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார்.

தர முடியாது என்றாள் கடுகு. அவருக்குக் கோபமே வரவில்லை. "அன்னிக்கு என்கிட்டதானே குடுத்தீங்க? வேணும்னா பேட்டர்ன் போட்டுக் காட்டட்டுமா?" என்றார்.

என் மனைவி வைத்த வழக்கத்தை எடுத்து அவள் முகத்திலேயே வீசிவிட்டான். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன், அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன். ஆனால் அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. நேராக அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"இது உன் போன். கம்பெனி மென்பொருளத் திரும்பப் போட்டுட்டுப் பூட்டட்டுமா? எல்லாம் அழிஞ்சிடும். நீ சொன்னாத்தான் செய்வேன்."

அவர் இடையில் புகுந்து, அவசரப்படாதே, உன் அம்மா படமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார். அக்கறையோடு சொன்னார், அதுதான் சகிக்கவில்லை. அந்தப் பெண் அவர் முகத்தை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் ஏற்கெனவே ஒரு தடவ அழிஞ்சுதே" என்றாள். பிறகு, "பூட்டுங்கக்கா."

கடுகு வேலையை ஆரம்பித்தாள். அவசரத்தில் கேபிளைப் புது போர்ட்டில் செருகிவிட்டாள், கம்ப்யூட்டருக்குப் போன் தெரியவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் கஷ்டப்பட்டீர்கள் என்று அவர் சிரித்தார். நான் எழுந்து போய் அவருக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கடுகு கேபிளைப் பிடுங்கிப் பழைய போர்ட்டில் மாற்றினாள், தெரிந்தது. கம்பெனி மென்பொருள் ஒவ்வொரு பகுதியாக ஏறியது. ஏறி முடிந்ததும் உடனே பூட்டாமல் ஒருதரம் ஆன் செய்து, ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்தாள். எழுந்தது. மறுபடி அணைத்துப் பூட்டுவதற்கான கட்டளையை அனுப்பினாள். நிச்சயமாகப் பூட்டவா என்று போன் கேட்டது. அதற்குப் போனிலேயே பட்டனை அழுத்தித்தான் பதில் சொல்ல முடியும். கடுகு அழுத்தவில்லை, போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். வால்யூம் பட்டனால் 'பூட்டு' என்பதற்கு வந்து, பவர் பட்டனை அழுத்த வேண்டும் என்றாள். அந்தப் பெண் அழுத்தினாள்.

வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அவள் நகர்ந்து கடுகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். என் போனில் இருக்கும் படத்தைப் போலீஸில் காட்டினால் என்ன ஆகும் என்று நான் சத்தமாக யோசித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் குரல் கொஞ்சம் உடைந்தது. பொண்டாட்டி நல்லதுக்காகச் செய்வதைப் புரிந்துகொள்ளாத ஊர் என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். போய்த் தொலை என்று கடுகு கத்தியதில் எதிர்க்கடை வரைக்கும் சந்தேகம் தீர்ந்தது.

போன் எழுந்தது. ஆரஞ்சு எச்சரிக்கை வரவில்லை, மொழியைத் தேர்ந்தெடு என்று புதுப்போன் மாதிரி கேட்டது. ஒரு படமில்லை, ஒரு நம்பரில்லை. புதுப் பேட்டர்ன் போடும்போது கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், என்னையும் திருப்பினாள். பிறகு அந்தப் பெண் ஒரு நம்பரை விரலாலேயே தட்டினாள். மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்களோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. எடுத்தார்கள். கடை சின்னது, அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. ஹலோ இல்லை, நல்லாயிருக்கியா இல்லை.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலடி" என்றது அந்தக் குரல்.

"தெரியும்க்கா" என்றாள் அந்தப் பெண்.