அவசரக் கையும் போட்டோ பிரிண்டரும்

கைக்கடக்கமான போட்டோ பிரிண்டர் வாங்க நான் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தேன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை என்பது மனைவியின் குற்றச்சாட்டு.

விடுதிக்குக் கிளம்பும் மகளுக்கு ஒரு குடும்பப் படம் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வாசலில் வண்டி வந்துவிட்டது. மூன்றே தாள்தான் மீதி.

இந்தப் பிரிண்டர் மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒவ்வொரு நிறமாகத்தான் அச்சிடும். ஒவ்வொரு முறையும் தாளை வெளியே நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். நானோ இருபது வருடமாகப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். இயந்திரம் தாளை நீட்டினால் என் கை உருவிவிடும். மூளையிடம் அனுமதி கேட்கும் பழக்கம் அதற்கு இல்லை.

முதல் தாளை உருவினேன்.

"குடும்பத்துக்கே காமாலையா?" என்றாள் மனைவி.

இரண்டாவது தாளில் முன்னேற்றம்: சிவப்பு வரும்வரை பொறுத்து உருவினேன்.

"படத்துல மட்டுமில்ல, நிஜமாவே எனக்கு மூஞ்சி சிவந்திருக்கு!" என்றாள் மனைவி.

மகள் தன் பெட்டியையும் பையையும் என் இரு கைகளிலும் திணித்தாள். "இதப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்கப்பா."

மூன்றாவது தாளில் படம் பிரமாதமாக வந்தது.

"பெட்டியக் குடுங்கப்பா, நேரமாச்சு."

இத்தனை அவசரக் கை, அதை மட்டும் உடனே விடவில்லை.