பூசம் முடிந்த பிறகும்

போன வாரம் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். எடைக் கருவியில் ஏறுவதற்கு முன், பதின்மூன்று வயது மகள் காதுத் தோட்டைக் கழற்றித் தாதியின் மேசையில் வைத்தாள். "தோட்டுல என்ன வெயிட் இருக்கு லா?" என்று தாதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் பழக்கம். நான் சொல்லித் தரவே இல்லை. என்றோ ஒரு காலையில் நான் எடை பார்க்கும்போது பார்த்திருக்கிறாள்.

தொடக்கப்பள்ளியில் நான் குண்டு. சும்மா குண்டு அல்ல, பள்ளி எடை பார்த்து எழுதிய பெயர்ப் பட்டியலில் ஏறிய குண்டு. சிரிக்காதீர்கள். இடைவேளையில் மற்றவர்கள் கேண்டீனில் சாப்பிட, பட்டியல்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். மீ கோரெங் நூடுல்ஸ் வறுபடும் வாசனை வேறு துரத்தும். ஓட வைத்த ஆசிரியருக்கும் நல்ல தொப்பை, பாவம். கூட ஓடிய சபீராவின் அப்பா தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தார். "ஓடிட்டோம்ல, இப்ப சாப்பிடலாம் லா" என்று அவள் கறி அடைத்த முர்தபா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். அந்த அறிவு எனக்கு இல்லை.

வீட்டில் கதை தலைகீழ். "புள்ள எளச்சா என்னையில்ல கேப்பாங்க" என்று அம்மா இன்னொரு கரண்டி வைப்பாள். பள்ளியில் சாப்பிட்டால் குற்றம், வீட்டில் சாப்பிடாவிட்டால் குற்றம். அப்போதுதான் தைப்பூசம் நெருங்கியது. பால்குடம் எடுக்கிறேன், நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். விரதம் இருக்கும் பிள்ளையை யார் வற்புறுத்துவார்கள்? "இந்த வயசுல என்ன பக்தி!" என்று அத்தைகள் உருகினார்கள். பூசத்தன்று டோபி காட் வழியே கோயிலுக்கு நடந்தபோது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்! அன்று முருகனைக் கும்பிட்டேனா என்று சத்தியமாக நினைவில்லை.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். காலைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பூசம் முடிந்தால் சஷ்டி, கார்த்திகை, செவ்வாய், வெள்ளி. பட்டினி கிடக்கக் காரணத்துக்கா பஞ்சம்? எனக்கு அது பக்தி அல்ல, வசதி.

இந்தப் பூசத்துக்கு முன்னால் மகள் கேட்டாள், "அம்மா, நானும் உங்களோட விரதம் இருக்கட்டா?" மடச்சி நான், பூரித்துப்போய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். பூசம் முடிந்து நான்கு மாதமாகிறது. அவள் இன்னும் விரதத்தை முடிக்கவில்லை. தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. டாக்டர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, இனி மூன்று வேளையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார்.

நேற்று மதியம் சோறு போட்டு, "பூசம் எப்பவோ முடிஞ்சிருச்சும்மா. சாப்பிடு, உன் கால்ல விழறேன்" என்று அழுதேன். அவள் என் தட்டைப் பார்த்தாள். அதில் நாலு வெள்ளரித் துண்டு.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பாத்திரத்திலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் வைத்தேன். இறங்கவில்லை. நாற்பது வயதுக்காரி, மகளுக்கு எதிரே சோறு முழுங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. மைதானத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பிள்ளைகளை அப்படி ஓட வைப்பதும் நின்றுவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். முன்பெல்லாம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும், புத்தகப்பையைக் கழற்றும் முன்பே, "பசிக்குதும்மா, என்ன இருக்கு?" என்று சமையலறைக்குள் நுழைவாள். அந்தக் குரலைக் கேட்டு ஆறு மாதமாகிறது.