குருவிக்குப் போட்ட விதை

இரண்டாவது முறையும் கரு கலைந்த பிறகு என் மனைவிக்கு உடம்பு தேறவே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், ஹெம்ப் விதை வாங்கி வறுத்துப் பொடித்துக் கொடு, சத்து நிறைய இருக்கிறது என்றான். அடுத்த விடுமுறையில் அவனோடு போய் ஒரு பெரிய கடையில் அரைக் கிலோ பொட்டலம் வாங்கினேன்.

பொட்டலத்தின் மேல் பச்சை நிறத்தில் விரல் விரித்தது போல ஒரு இலைப் படம். இது என்ன இலை என்று கேட்டேன். கஞ்சாச் செடியின் விதைதான், ஆனால் விதையில் போதை கிடையாது, சாப்பாட்டுப் பொருளாக விற்க அனுமதி இருக்கிறது என்று கடைக்காரர் பின்பக்கத்து உரிம எண்ணைக் காட்டினார். அன்று எனக்குப் பயமே வரவில்லை. ஓசூர் திரும்பும் வழியில், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போது பேருந்தில் ஏறிய போலீஸ்காரர் என் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். கியர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகும் சாலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம், பிறந்த ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம். பின்கட்டில் துளி மண் விடாமல் கொத்தமல்லி, புதினா, ரோஜா என்று எதையாவது வைத்திருப்பார். கீரை பறித்தால் பாதி மாடிக்கு வந்துவிடும்.

என் மனைவி அந்தப் பொடியை நாலு நாள் சாப்பிட்டாள். பிறகு வாடை பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டாள். வறுக்காமல் மீதியிருந்த விதையில் பூச்சி விழவும், குருவி தின்னட்டும் என்று பின்கட்டு மதிலோரம் கொட்டிவிட்டாள். என்னிடம் சொல்லக்கூட இல்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மழைக்காலம் வந்தது. ஒருநாள் துணி எடுக்கக் கீழே போனபோது மதிலோரம் முழங்கால் உயரத்தில் நாலைந்து செடிகளைப் பார்த்தேன். ரோஜாவுக்கும் புதினாவுக்கும் நடுவில், ஓரம் ரம்பம் மாதிரி, விரல் விரித்த இலைகள். பொட்டலத்தில் இருந்த அதே இலை. துணியை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து மனைவியைக் கேட்டேன். அவள் குருவிக்குப் போட்டதைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் கம்பெனியில் தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று போனில் சட்டத்தைப் படித்தேன். செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதிதான் கஞ்சா. அதோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்தக் கணக்கில் சேராது என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அடுத்த பகுதியில், அந்தச் செடியை அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம் என்றும், எத்தனை வருடம் உள்ளே போடலாம் என்றும் இருந்தது. தேடியதற்குத் தடயம் இருக்குமோ என்று பயந்து, படித்ததையெல்லாம் போனிலிருந்து அழித்தேன். பிறகு அழித்ததே தப்பாகத் தெரியுமோ என்று பயந்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நண்பருக்கு நடந்தது போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விதை வாங்கியதும் வீட்டில் வைத்திருந்ததும் குற்றமில்லை, பில் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள் என்றார். செடிதான் சிக்கல். தானாக முளைத்தது என்று உங்கள் நண்பர் சொல்லலாம். அதை நம்பவைக்க வேண்டியதும் அவர்தான். அதோடு மண் யாருடையதோ அவரையும் கேட்பார்கள் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிடுங்கிவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். விடிந்தும் விடியாத நேரத்தில் போனேன். குனிந்து முதல் செடியில் கை வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், சமையலறை ஜன்னலில் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்தார். நான் குழாயைத் திறந்து கை கழுவுவது போல நடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அப்போதுதான் யோசித்தேன். பத்து நாளாகவே கீரை வரவில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார். அன்று மாலையே படியில் நின்று, முகத்தைப் பார்க்காமல், அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொள்ளுங்கள் என்றார். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, யாரிடமோ சொல்லியும் விட்டார் என்று முடிவு செய்தேன். வாசலில் பைக் நின்றாலே என் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ்காரர் வந்தார்.

நான் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றேன். முன்கதவு சாத்தியிருந்ததால் அவர் பக்கத்துச் சந்து வழியாக நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். செடிகளுக்கும் போலீஸ்காரருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. அவரைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா எழுந்தார். வாளியிலிருந்த போர்வையைப் பிழியாமல் அப்படியே தூக்கி, மதிலோரத் துணிக்கொடியில் விரித்துப் போட்டார். தண்ணீர் தாரையாக ஊற்றியது. போர்வைக்குப் பின்னால் செடிகள் மறைந்தன. பிறகுதான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னாங்க சார் என்று கேட்டார்.

வாடகைக்கு இருப்பவர்கள் விவரம் எடுக்கிறார்களாம். ஆதார் நகலோடு இறங்கிப் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சந்தில் அவர் வண்டிச் சத்தம் அடங்கியதும் வீட்டுக்காரம்மா துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத புடுங்கிடுங்க தம்பி. உங்கள நான் எதுவும் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். புடுங்கிட்டுப் போயிடுங்க."

"நாங்க வளக்கலக்கா," என்றேன். பெங்களூரில் வாங்கியது, என் மனைவியின் உடம்பு, குருவிக்குக் கொட்டியது, வக்கீல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஓடிப் போய்ப் பொட்டலத்தையும் பில்லையும் எடுத்து வந்து காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூணு இலை விட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அவருடைய தம்பியின் சோளக்காட்டில், குத்தகைக்கு எடுத்தவன் நடுவில் இதை ஊன்றியிருந்தான். ஊன்றியவன் ஓடிப் போனான், நிலத்துக்காரரான தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் விடுதலை ஆனது. ஆனால் ஊர்முகத்தில் விழிக்க முடியாமல் எங்கோ கர்நாடகாவில் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

"அப்ப நீங்களே புடுங்கியிருக்கலாமேக்கா?"

"நீங்க கம்பெனி ஆளுங்களுக்கு விக்கறீங்களோன்னு நெனச்சேன். நான் ஒத்தப் பொம்பள. புடுங்கினா என்ன பண்ணுவீங்களோன்னு பயம். அன்னிக்கு விடியக்கால நீங்க அதைத் தடவிப் பாத்துட்டுப் போனப்ப, எவ்ளோ வளந்திருக்குதுன்னு பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

நான் பயந்து பயந்து ஒதுங்கியதெல்லாம் அவர் கண்ணுக்கு ஒரு ரவுடியின் நடமாட்டமாக இருந்திருக்கிறது.

நானும் அவரும் சேர்ந்துதான் பிடுங்கினோம். ஐந்து செடி, புதினாவுக்குள் ஆறாவதாக ஒரு நாற்று. வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தோம். பச்சைச் செடி என்பதால் புகைதான் வந்தது. தெரு முழுக்க வாடை போகிறதே என்று அவர் தெலுங்கில் தேவுடா தேவுடா என்று முணுமுணுத்துக்கொண்டே காய்ந்த ஓலையாக எடுத்துச் செருகினார். மாடியில் நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புளிச்சக்கீரை ஒரு கட்டு மேலே வந்தது. இலையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கும் அதே மாதிரி விரல் விரித்த இலை. ஒவ்வொன்றாக முகர்ந்து, ஓரமாகக் கிள்ளி வாயில் போட்டு, புளிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மனைவியிடம் கொடுத்தேன்.