ரிஜெக்ட் சார் பாஸ் பண்ணிய என்ஜின்

ரிஜெக்ட் சாருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை தன் கையால் ஓர் ஆணிகூடச் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததை எடுத்துப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், “ரிஜெக்ட்” என்று சொல்லிச் சிவப்புப் பெட்டியில் போடுவார். உத்தியோகமே அதுதான். இந்த மகத்தான சேவைக்கு அவர் விடைபெறும்போது ஒரு கைக்கடிகாரம் வேறு கொடுத்தார்கள். அது கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கினார் மனுஷர்.

வீட்டுக்கு வந்தபின் சிவப்புப் பெட்டி இல்லையே தவிர, வாய் இருந்தது. மனைவி ஆர்டருக்குக் கேக் செய்து கொடுக்கிறவர். அவர் செய்யும் கேக் எல்லாம் இவருக்கு இடதுபக்கம் தூக்கலாகவே தெரியும். துணி உலர்த்தினால் கொடி தொய்ந்திருக்கும். கதவைச் சாத்தினால் சாத்திய விதம் சரியில்லை. “அப்போ நீங்கதான் ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்” என்று மனைவி கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“செய்யறது என் வேலையில்ல. பாக்கறதுதான் என் வேலை.”

இந்த மகானுக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவளுக்கு ஒரே பைத்தியம், மண்மேடுகளில் பாய்ந்து ஓடுகிற பைக் பந்தயம். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய டர்ட் பைக்கை வாங்கி, எதிர்வீட்டு வேன்காரரின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். என்ஜின் உள்ளே இறுகிப்போயிருந்தது. கிக்கரின்மேல் ஏறி நின்று குதித்தாலும் அசையவில்லை.

பந்தயக் குழு ஒன்றில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். சொந்த வண்டியோடு வந்து தகுதிச் சுற்றில் ஓட்டிக் காட்டினால் இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. போன வருஷம் வண்டி இல்லாமல் அந்த இடத்தைக் கோட்டை விட்டிருந்தாள். “இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதாம்மா, மறுபடி கூப்பிட மாட்டாங்க” என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இவர் காதுக்குத் தப்பி எதுவும் பேச முடியாது.

ரிஜெக்ட் சார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இது வண்டியா? நல்லா உன் தலையில கட்டிட்டாங்க.”

“என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாத்தையும் நானே பிரிச்சு மாத்தப்போறேன்பா.”

“பிரிக்கறதுக்கு என்ன, எந்தக் கழுதையும் பிரிக்கும். திரும்பச் சேக்கணுமே!”

வீட்டின் பின்னால், துவைக்கிற இயந்திரம் இருக்கும் அறையில் அவள் வேலையை ஆரம்பித்தாள். இவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிஸ்டன் வெளியே வந்தது, உடம்பெல்லாம் கீறல். “பாத்தியா!” என்றார், ஏதோ தானே கீறி வைத்ததுபோல் பெருமையாக. கழற்றிய திருகுகளை அவள் அம்மாவின் சின்னக் கேக் தட்டில் குழிக்கு ஒரு ரகமாகப் போட்டு வைத்தாள். அதற்கும் சிரித்தார். பேரிங் சுலபமாக உட்கார வேண்டும் என்று என்ஜின் கூட்டை அம்மா கேக் சுடுகிற ஓவனில் வைத்துச் சூடாக்கி, பேரிங்கை ஃபிரீஸரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அடடே! மேல கிரீம் தடவுவியா, இல்ல வெறும் கேக்குதானா?”

சூடான கூட்டில் குளிர்ந்த பேரிங் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. அம்மா கை தட்டினார். இவர் கூரையைப் பார்த்தார்.

கியர் சக்கரங்களை அச்சிலிருந்து கழற்றும்போது, வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்துக்கொண்டே வந்தாள். நடுவில் காகிதம்போல் மெல்லிய ஒரு வாஷரைக் காணோம். அது இல்லாமல் கியர்பாக்ஸை மூட முடியாது. மகள் தரையில் ஊர்ந்து தேடினாள், அம்மா துடைப்பத்தோடு தேடினார், வேன்காரர் டார்ச் அடித்துத் தேடினார். நாற்காலியில் இருந்தபடியே ரிஜெக்ட் சார் கவனக்குறைவைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்து எழுந்து நடந்தபோது, வாஷர் எண்ணெய்ப் பசையோடு அவருடைய செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் குனிந்து அதைப் பிய்த்து எடுத்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

கியர்பாக்ஸ் சேர்ந்தது. மகள் அச்சைக் கையால் சுழற்றி ஒவ்வொரு கியராக மாற்றிக் காட்டினாள். எல்லாம் கச்சிதமாக விழுந்தன. இவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். ஒரு குற்றமும் அகப்படவில்லை.

அவருடைய தொழிற்சாலையில், சோதித்துச் சரியென்று கண்ட திருகின் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். அந்தப் பெயின்ட் பேனா இன்னும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு மஞ்சள் வைங்களேன்பா.”

நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. உண்மையாகவே வந்தது. இந்தக் கையா குழந்தையாக இருந்தபோது ஸ்பூன் பிடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டது என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் அந்த ஆச்சரியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, “முதல்ல ஓடட்டும், பாக்கலாம்” என்றார். மகள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தாள். மறுநாள் தகுதிச் சுற்று. சாயங்காலம் வந்து முதல்முறையாக ஸ்டார்ட் செய்வதாகப் பேச்சு. ரிஜெக்ட் சார் சும்மா பார்ப்பதற்கென்று பின்னறைக்குப் போனார், என்ஜின் பக்கவாட்டில் இன்னும் திருகாமல் வைத்திருந்த மேக்னெட் மூடியைச் சும்மா எடுத்தார். உள்ளே, ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கிற தட்டு ஒன்று மூன்று திருகுகளில் நின்றது. தட்டில் ஒரு கோடு, கூட்டில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் சேராமல் விலகி நின்றன.

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அகப்பட்டது! ஒரு போன் போட்டு மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ரிஜெக்ட் சார் இல்லையே. மகள் தோற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, பாவம், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாம் இல்லாவிட்டால் இந்தப் பெண் நாளைக்கு நடுவழியில் நின்றிருப்பாள் என்று நினைத்து நெகிழ்ந்தே போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார். திருகுகளைத் தளர்த்தி, தட்டை நகர்த்தி, கோட்டோடு கோடு சேர்த்து இறுக்கினார். மூடியைப் போட்டார். உள்ளே போய் மனைவியிடம் ஒரு டீ கேட்டுக் குடித்து, அதில் சர்க்கரை தூக்கல் என்றார்.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்து மகள் கிக்கரை உதைத்தாள். அது திருப்பி அவள் காலை உதைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உதைத்தாள். என்ஜின் படபடவென்று உயிர் பெற்றது, தெருவெல்லாம் புகை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிஜெக்ட் சார் வண்டிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து புகையின் நிறத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மகள் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

ரிஜெக்ட் சார் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். நாற்காலியின் கால் உடைந்தது, அவருடையது தப்பித்தது.

“ஏம்மா, ரிவர்ஸ் கியர்கூட வெச்சிருக்கியா?” என்று வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விழுந்தவர் மண்ணைக்கூடத் தட்டவில்லை. “நான் சொன்னேனா இல்லையா! கம்பியில கோத்தப்பவே நினைச்சேன். கியரைத் தலைகீழா மாட்டியிருக்கா!”

மகள் என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கியர்பாக்ஸைத் திரும்பப் பிரித்துச் சேர்ப்பது மறுநாளைக்குள் நடக்கிற காரியமா? “போச்சும்மா” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் ரிஜெக்ட் சார் உடைந்த நாற்காலியின் காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“இல்ல. கியர் சரியாத்தான் இருந்துச்சு, நானே சுத்திப் பாத்தேன். என்ஜினே தலைகீழா சுத்துது. ஸ்பார்க் ரொம்ப முன்னாடி வந்தா இந்த மாதிரி என்ஜின் அப்படிச் சுத்தும்.”

மேக்னெட் மூடியைக் கழற்றினாள். உள்ளே மூன்று திருகின் தலையிலும் பளிச்சென்று மூன்று மஞ்சள் புள்ளி.

கைப்பழக்கம்! இறுக்கிய கையோடு பையிலிருந்து பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தது அவருக்கே நினைவில்லை. ஒரு திருடன்கூடத் திருடிய வீட்டில் தன் விலாசத்தை எழுதிவைத்துவிட்டு வரமாட்டான். மனைவி அவரைப் பார்த்தார். வேன்காரர் சிரிப்பை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

“கோடு... கோட்டோட சேரலைம்மா.”

“சேராதுப்பா. அந்த மேக்னெட் வேற வண்டியோடது. அதனாலதான் பிஸ்டன்ல கேஜ் வெச்சு அளந்து வெச்சேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் திருப்பிக் கத்தித் தப்பியிருப்பார். “நான் செஞ்ச எதுக்கும் நீங்க ஒரு மஞ்சள் வெக்கலை. நீங்க முதல்முதலா ஒரு வேலை செஞ்சீங்க. அதை நீங்களே பாஸ் பண்ணிக்கிட்டீங்க.”

அவள் மறுபடி கேஜ் வைத்து அளந்து, தட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினாள். இந்த முறை வண்டி முன்னால் போனது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. யாரும் ரிஜெக்ட் சாரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வாசலுக்கு வந்தது. பைக்கைப் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். முன்னால் வேன்காரர், மகள், அம்மா. அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். வேன்காரர் சாவியைத் திருப்பியதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

“ஏம்மா, நானும் வரட்டுமா?”

எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டறியாத வாய் அது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

“பின்னாடிதான் இடம் இருக்கு. ஆனா வண்டியைத் தொடக் கூடாது. ஒரு விரல்கூட.”

“தொடலை.”

கையைக் கட்டிக்கொண்டு பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதை குண்டும் குழியுமாக மாறியது. ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்து, பைக் அவர் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

“ஏம்மா! கயிறு தளருது! தொடலாமா?”

வேன் சத்தத்தில் முன்னால் யாருக்கும் கேட்கவில்லை. பைக் இன்னும் சாய்ந்தது. அவர் கட்டிய கையை அவிழ்க்காமல் எழுந்து, தோளை அதற்கு முட்டுக் கொடுத்து நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ் அப்பியது. குழிக்குக் குழி அந்தப் பாரம் தோளில் இடித்தது.

“தொடலாமாம்மா?” என்று இன்னொரு தடவை கத்தினார்.